பாட்டி தட்டிப் பார்த்த டயர்

எங்கள் கோலா கங்சாரில் விமான நிலையம் கிடையாது. ரயில் நிலையம் உண்டு. பேராக் ஆறு உண்டு. அரண்மனையும் உபுடியா பள்ளிவாசலும் உண்டு. விமானம் ஏற வேண்டுமென்றால் ஈப்போவுக்கோ பினாங்குக்கோ தலைநகருக்கோதான் போக வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் விமானம் என்பது, தலைக்கு மேலே போகும்போது விரல் நீட்டிக் காட்டிச் சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டப் பயன்படும் ஒரு பொருளாகவே நெடுங்காலம் இருந்தது.

2011 டிசம்பரில் அதே விமானம் வீட்டுச் சண்டையாக மாறியது. எஸ்.பி.எம். தேர்வை எழுதி முடித்த கையோடு என் தம்பி, "நான் ஆகாயப்படையில சேரப் போறேன்" என்று சொல்லிவிட்டான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். பாட்டி மட்டும்தான் வாய் திறந்தார். "வேணாம்." அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. மறுநாள் கேட்டாலும் "வேணாம்."

நம் வீடுகளில் இது புதிதல்ல. பிள்ளை மருத்துவம் படிக்கிறேன், சட்டம் படிக்கிறேன், கணக்காய்வாளர் ஆகிறேன் என்றால் சொந்தபந்தத்துக்கெல்லாம் தொலைபேசியில் சொல்வோம். ஆயுதப்படையில் நம்மவர்கள் குறைவாக இருக்கிறார்கள் என்று கல்யாண வீட்டிலும் கோயில் கூட்டத்திலும் குறைபட்டுக்கொள்வோம். ஆனால் சொந்த வீட்டுப் பிள்ளை விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் கை நடுங்கும். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. அந்த வீட்டில் கடைசி வார்த்தை பாட்டியுடையது. தாத்தா இறந்த பிறகு பால்மரம் வெட்டியே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். அவர் ஆசீர்வாதம் இல்லாமல் தம்பி போக மாட்டான். அவன் போகக்கூடாது என்று சொல்லும் தைரியம் அப்பாவுக்கும் இல்லை.

வழி சொன்னது செராசில் இருந்த சித்தப்பா. "அம்மாவுக்கு ஏரோப்பிளேன்னா வானத்துல போற புள்ளிதான் தெரியும். பக்கத்துல கூட்டிட்டுப் போய்க் காட்டுவோம். சுங்கை பீசியில ஆகாயப்படை அருங்காட்சியகம் இருக்கு. ஸ்கூல் லீவு விட்டாச்சு. எல்லாரும் கிளம்பி வாங்க" என்றார். பாட்டியிடம் அருங்காட்சியகம் என்று சொல்லவில்லை. "உங்க சின்ன மகன் வீட்டுக்குப் போறோம்" என்றுதான் சொன்னோம். அதுவும் பொய்யில்லை.

சுங்கை பீசி என்ற பெயர் இளையவர்களுக்கு ஒரு நெரிசலான சாலையை மட்டுமே நினைவூட்டலாம். 1965-இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்படும்வரை கோலாலம்பூரின் விமான நிலையம் அங்கேதான் இருந்தது. பிறகு அது ஆகாயப்படையின் தளமாகவே தொடர்ந்தது. அந்த வளாகத்துக்குள்தான் அருங்காட்சியகம். சில விமானங்கள் கொட்டகைக்குள், சில வெட்டவெளியில்.

திறந்தவெளியில் விமானங்களை நிறுத்தி வைத்திருக்கும் இடங்களுக்கென்று ஒரு தன்மை உண்டு. கண்ணாடிப் பெட்டி கிடையாது. விமானத்தின் வயிற்றுக்கடியில் நிழலுக்காக நிற்கலாம். நம் ஊர் வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து வண்ணம் மங்கிப் போயிருக்கும். விமானி அறையின் கண்ணாடி பழுப்பேறியிருக்கும். சக்கரம் உள்ளே மடங்கும் பொந்தில் குருவி கூடு கட்டியிருக்கும். பறந்த காலத்தில் கிட்டே நெருங்க முடியாத ஒன்று, ஓய்வு பெற்ற பிறகு இப்படி எல்லாருக்கும் கைக்கெட்டும் பொருளாக நிற்கும்.

தம்பிதான் வழிகாட்டி. அந்தப் பையனுக்கு அத்தனையும் மனப்பாடம். ஆஸ்திரேலியா 1969-இல் நமக்குக் கொடுத்த சேபர் போர் விமானத்தைக் காட்டினான். கனடாவில் செய்த சிறிய ஜெட் ஒன்றைக் காட்டி, "இதுக்கு நம்ம ஆளுங்க வெச்ச பேரு தெபுவான், பாட்டி. குளவின்னு அர்த்தம்" என்றான். நூரி ஹெலிகாப்டரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அது கிளி" என்றான். பாட்டி முதன்முறையாகச் சிரித்தார். "குளவி, கிளின்னு பேரு வெச்சுக்கிட்டு குண்டு போடுறானுங்களா?" என்று கேட்டார்.

பிறகு இரட்டை எஞ்சின் கொண்ட டுவின் பயனியர் விமானத்துக்கு வந்தோம். 1958 ஜூன் 1-ஆம் தேதி நம் நாட்டின் ஆகாயப்படை தோற்றம் கண்டபோது அதன் முதல் விமானம் இந்த வகைதான். அதற்கு 'லாங் ராஜாவாலி' என்று பெயர். நம் 'ராஜாளி'யைப் போலவே ஒலிக்கும் சொல். இறக்கை உடம்புக்கு மேலே பொருத்தப்பட்டிருக்கும். வாலில் மூன்று துடுப்புகள். மிகக் குறுகிய ஓடுபாதையில் ஏறி இறங்கக்கூடியது. பயனியர் வகை விமானங்கள் காட்டுக்குள் இருந்த கோட்டைகளுக்கு ஆளும் சாமானும் கொண்டுபோயின என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். பேராக்கில் கெமார், லெகாப் போன்ற இடங்களில் அப்படிப்பட்ட காட்டுக் கோட்டைகள் இருந்தன. லெகாப் எங்கள் பக்கம்தான், சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே.

பாட்டி அந்த விமானத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நெற்றிக்கு மேல் கை வைத்து இறக்கையைப் பார்த்தார். பிறகு தம்பியிடம் கேட்டார்.

"பேசுற ஏரோப்பிளேன் எங்கடா?"

தம்பிக்குப் புரியவில்லை. எங்கள் யாருக்குமே புரியவில்லை.

"வானத்துல பேசிக்கிட்டே போகும்ல, அது."

நான் அப்போது கல்லூரியில் ஊடகத்துறை மாணவி. கேள்வி கேட்பதும் ஒலிப்பதிவு செய்வதும் பாடத்தின் பகுதி என்பதால் கைப்பேசியில் பதிவுப் பொத்தானை அழுத்திப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு நிமிடம் ஓடும் அந்தப் பதிவு இன்றும் என்னிடம் இருக்கிறது.

பாட்டி பிறந்தது சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில், 1938-இல். அவருக்குப் பத்து வயதானபோது, 1948 ஜூன் 16-ஆம் தேதி, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியர்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாள்களில் மலாயா முழுக்க அவசரகாலம் நடப்புக்கு வந்தது. அது முடிய 12 ஆண்டுகள் ஆயின. 1960 ஜூலை 31 வரை. பள்ளிப் பாடத்தில் நாம் படித்ததுதான். ஆனால் பாடநூலில் அது தலைவர்களின் கதை, படைகளின் கதை. பாட்டி சொன்னது லயத்தில் இருந்தவர்களின் கதை.

"காலையில பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கேட்டுல நிக்க வெச்சு ஒடம்பத் தடவிப் பாப்பாங்க. ஒரு புடி அரிசி இருந்தாலும் போச்சு. காட்டுல இருக்கிறவனுக்குக் கொண்டு போறேன்னு புடிச்சுக்குவாங்க. சார்டின் டின்னு வாங்குனா கடைக்காரன் ஓட்ட போட்டுத்தான் குடுப்பான். வெச்சிருக்க முடியாது, அன்னிக்கே தின்னுடணும். பொழுது சாஞ்சா கம்பி வேலிக்கு வெளிய ஒரு ஆளு இருக்கக்கூடாது. இந்தப் பக்கம் பட்டாளம் கேக்கும், அவனுங்க வந்தானுங்களான்னு. அந்தப் பக்கம் அவனுங்க கேப்பானுங்க, பட்டாளத்துக்கு யாரு சொன்னான்னு. ராத்திரியோட ராத்திரியா வந்து பால்மரத்த வெட்டிச் சாச்சிட்டுப் போயிருவானுங்க. மரம் போச்சுன்னா எங்களுக்குக் கூலி போச்சு."

வரலாற்று நூல்கள் இதை வேறு மொழியில் சொல்கின்றன. 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் ஏறக்குறைய 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்புகளை ஓரிடத்தில் சேர்த்து வேலி போட்டார்கள். காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போகாமல் தடுப்பதுதான் நோக்கம். நம் தோட்டத் தமிழர்கள் அந்த வேலிக்குள் வாழ்ந்தவர்கள்.

வானத்திலிருந்து பேசிய விமானமும் உண்மைதான். டக்கோட்டா போன்ற விமானங்களில் பெரிய ஒலிபெருக்கிகளைக் கட்டி, காட்டுக்கு மேலே மெதுவாகச் சுற்றவிட்டு, சரணடையச் சொல்லும் செய்திகளை ஒலிபரப்பினார்கள். அவற்றைக் 'குரல் விமானங்கள்' என்றார்கள். எஞ்சின் சத்தம் பேச்சை விழுங்கிவிடக் கூடாது என்பதால் எந்த விமானம் குறைவாக இரைகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். செய்திகள் சில விநாடிகளே நீளும். அதையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். அதோடு கோடிக்கணக்கில் துண்டறிக்கைகளையும் வானத்திலிருந்து கொட்டினார்கள்.

"என்ன பாட்டி பேசுச்சு?" என்று கேட்டேன்.

"சீனத்துல பேசும். எங்களுக்கு என்னா தெரியும்? ஆனா ஒரு ஆம்பள கொரல், ஒரு நேரம் பொம்பள கொரல். மரத்துக்கு மேல எங்கயோ இருந்து வரும். வாளிய வெச்சிட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்போம். கங்காணி திட்டுவாரு. காயிதம் விழும். பொறுக்கிட்டு வந்து அடுப்புப் பத்த வெப்போம்."

இன்று வானொலி அறிவிப்பாளராக ஒலிவாங்கியின் முன் உட்காரும்போது எனக்கு அந்த வரிகள் ஞாபகம் வருவதுண்டு. பாட்டியின் லயத்தில் அப்போது வானொலிப் பெட்டி கிடையாது. அவர் வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்ட ஒலிபரப்பு ஒரு போர் விமானத்திலிருந்து வந்தது. அது அவருக்காகப் பேசப்பட்டதும் இல்லை.

அப்போதுதான் "வேணாம்" என்ற சொல்லின் காரணமும் வெளியே வந்தது. தம்பி குந்தி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்குத்தான் பயப்படுறீங்களா பாட்டி? இப்ப சண்டை இல்லையே" என்றான்.

"சண்டைக்குப் பயம் இல்லடா. குண்டு போட்ட சத்தம் லயத்துல கேக்கும். தகரம் அதிரும். மேல இருக்கிறவனுக்குக் கீழ யாரு இருக்கான்னு தெரியாது. எங்க அம்மா சொல்லும், அந்தக் காட்டுல மான் இருக்கு, சக்காய்காரங்க புள்ளகுட்டியோட இருக்காங்க, அவங்க என்னா பாவம் செஞ்சாங்கன்னு. நீ மேல போயி உக்காந்துக்கிட்டு, கீழ பாக்காத ஆளா ஆயிடக் கூடாது."

சக்காய்காரர் என்று அந்தக் காலத்தில் சொன்னது பூர்வகுடி மக்களை. இன்று அந்தச் சொல்லை யாரும் மரியாதையாகக் கருதுவதில்லை. ஓராங் அஸ்லி என்கிறோம். பாட்டி பயன்படுத்திய சொல் பழையது. அவருடைய அம்மாவின் கவலையோ எந்தக் காலத்துக்கும் பொருந்துவது. 1954-இல் ஈப்போவுக்குக் கிழக்கே உள்ள காடுகளில் பெரிய நடவடிக்கை நடந்தது. முதலில் லிங்கன் ரக விமானங்கள் குண்டு போட்டன. பிறகு வீரர்கள் வான்குடையில் குதித்தார்கள். அந்தக் காடுகளிலும் ஓராங் அஸ்லி மக்கள் இருந்தார்கள். அருங்காட்சியகப் பலகைகளில் எஞ்சின் வகை, இறக்கையின் நீளம், அதிகபட்ச வேகம் எல்லாம் இருக்கும். கீழே இருந்தவர்களுக்கு அங்கே ஒரு வரி கிடையாது. அது எந்த ஒரு அருங்காட்சியகத்தின் குறையும் இல்லை. உலகம் முழுக்க விமான அருங்காட்சியகங்கள் அப்படித்தான் எழுதுகின்றன. அந்த வரியைச் சேர்க்க வேண்டுமானால் கூட வந்திருக்கும் பெரியவர்தான் சேர்க்க வேண்டும்.

தம்பி பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருந்தோம். சித்தப்பா தண்ணீர் வாங்கப் போனார். கதை அங்கேயே முடிந்துவிட்டது, தம்பியின் விண்ணப்பம் குப்பைக்குத்தான் போகும் என்று நான் நினைத்தேன்.

நிழல் தேடித்தான் கேரிபூ விமானத்தின் அருகே போனோம். கேரிபூவும் கனடாவிலிருந்து வந்தது, 1966-இல். வீரர்களையும் சாமான்களையும் ஏற்றும் சரக்கு விமானம். வால்பக்கம் சாய்வுக் கதவு திறந்து இறங்கும். கரடுமுரடான தரையிலும் இறங்கக்கூடியது என்பதால் சபா, சரவாக் உட்புறங்களில் நெடுங்காலம் உழைத்தது. 1990-களின் இறுதியில் ஓய்வு பெற்றது.

பாட்டி விமானத்தைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்தார். குனிந்து உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். விரலால் அழுத்தினார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். கோலா கங்சாருக்கு நாங்கள் குடிவருவதற்கு முன்பே, ஐம்பத்தைந்து வயதில் தோட்டத்தை விட்டு வந்தவர் அவர். ஆனாலும் கை மறக்கவில்லை.

"இது பால்மரத்துப் பால்தான?" என்றார்.

தம்பிக்கு உயிர் வந்தது. கார் டயரில் செயற்கை ரப்பரும் கலக்கிறது, ஆனால் விமான டயருக்கு இன்றைக்கும் பெரும்பங்கு இயற்கை ரப்பர்தான் என்றான். காரணத்தையும் சொன்னான். விமானம் இறங்கும்போது சக்கரம் சுழலாமல் நின்றுகொண்டிருக்கும். தரையைத் தொட்ட கணத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்துக்குப் போக வேண்டும். அந்த உரசலில்தான் புகை வருகிறது. மேலே உயரத்தில் பனிக்கட்டியைவிடக் குளிர், கீழே ஓடுபாதையில் கொதிக்கும் சூடு. அத்தனை எடையையும் அத்தனை அடியையும் தாங்கி, உள்ளே சூட்டைச் சேர்த்து வைக்காமல், கிழியாமல் இருக்க இயற்கை ரப்பருக்கு நிகரானது இன்னும் இல்லை. உள்ளே சாதாரணக் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் அடைப்பார்கள், ஈரம் உறைந்துவிடாமலும் தீப்பிடிக்காமலும் இருக்க.

பாட்டிக்கு நைட்ரஜன் புரிந்திருக்காது. ஆனால் "நிகரானது இல்லை" என்பது புரிந்தது. "எத்தன மரத்துப் பால் இருக்கும் இதுல?" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். விடிவதற்கு முன் எழுந்து, குளிரில் பால் நன்றாக இறங்கும் நேரத்தில் ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம்போல வெட்டியவர். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் தோளேற்றி, நிறுவைக்குக் கொண்டுபோனவர். அந்தப் பால் எங்கே போகிறது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. "கப்பல்ல வெள்ளக்காரன் ஊருக்குப் போகும்னு கிராணி சொல்வாரு. அதோட சரி."

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரேசில் காட்டிலிருந்து 1876-இல் லண்டனுக்குப் போன ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது, 1877-இல் கோலா கங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் ஆங்கிலேய ஆலோசகராக இருந்தவர் ஹியூ லோ. அந்த ஒன்பதில் மிஞ்சிய ஒரு மரம் இன்றும் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே வேலி போட்டுக் காப்பாற்றப்படுகிறது. சுற்றுலாப் பேருந்து நிற்கும், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அந்த மரத்தின் வழித்தோன்றல்களை நம்பித்தான் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கப்பலேற்றப்பட்டார்கள்.

ரப்பருக்கும் போருக்குமான உறவும் பெரியது. 1942-இல் ஜப்பான் மலாயாவையும் இந்தோனேசியாவையும் பிடித்தபோது, உலகின் இயற்கை ரப்பர் விளைச்சலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளின் கையை விட்டுப் போனது. டயர் தேயாமல் இருக்க அமெரிக்காவில் கார்கள் மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடே விதித்தார்கள். அவசர அவசரமாகச் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டினார்கள். நம் தோட்டங்களில் சொட்டிய பாலுக்கு அவ்வளவு மதிப்பு. அதை வெட்டியவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

கேரிபூவின் நிழலில் பாட்டி தம்பியிடம் இன்னொரு கேள்வி கேட்டார். "நீ இத ஓட்டப் போறியா?"

"இல்ல பாட்டி. நான் கேட்டிருக்கிறது டெக்னிசியன் வேல. கீழ இருந்து பாத்துக்கிற வேல. எஞ்சின், பிரேக், சக்கரம். ஒவ்வொரு தடவ பறக்கிறதுக்கு முன்னாடியும் எறங்குன பின்னாடியும் டயர்ல வெட்டு இருக்கா, தேஞ்சிருக்கா, காத்து சரியா இருக்கான்னு பாக்கணும். நான் சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் அது கெளம்பும்."

இத்தனை நாள் வீட்டில் சண்டை நடந்தும் இந்த ஒரு விவரம் பேச்சில் வரவே இல்லை. ஆகாயப்படை என்றால் விமானி என்றுதான் பாட்டி நினைத்திருந்தார். ஒரு விமானி பறக்க, தரையில் எத்தனை பேர் வேலை செய்ய வேண்டும் என்பது நம்மில் பலருக்கும் தெரியாது. எஸ்.பி.எம். முடித்தவர்கள் இளம் வீரராகச் சேர்ந்து, தொழில்நுட்பப் பயிற்சி பெற்று, இப்படிப்பட்ட வேலைகளுக்குப் போக முடியும் என்பதும் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

பாட்டி அங்கே ஒன்றும் சொல்லவில்லை. செராசில் இரண்டு நாள் இருந்துவிட்டு வடக்கு நோக்கித் திரும்பினோம். வழியில் தாப்பா ஓய்விடத்தில் தேநீர் குடிக்கும்போதுதான் சொன்னார்.

"சக்கரத்தப் பாத்துக்கிற வேலன்னா போ. அது நம்ம வேலதான். ஆனா ஒண்ணு. ஏறிப் போறவன்கிட்ட சொல்லு, கீழயும் ஆளு இருக்குன்னு."

தம்பி தலையாட்டினான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா இன்னொரு தேநீர் சொன்னார்.

அவன் சேர்ந்தான். இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறான். எந்த விமானம், என்ன வேலை என்ற விவரமெல்லாம் எழுதக் கூடாது என்பதால் எழுதவில்லை. விடுமுறையில் வரும்போது அவன் விரல் நகங்களில் கறுப்பு ஏறியிருக்கும். பாட்டி இருந்தவரை அந்தக் கையைப் பிடித்துப் பார்ப்பார். 2016-இல் அவர் காலமானார்.

2018-இல் ஆகாயப்படை சுங்கை பீசியை விட்டு நெகிரி செம்பிலானில் உள்ள செண்டாயான் தளத்துக்கு மாறியது. நாங்கள் நின்று பேசிய இடம் இன்று பழையபடி இல்லை. அருங்காட்சியகம் என்றால் என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்று நினைக்கிறோம். நகரம் வளரும்போது அதுவும் இடம் பெயர்கிறது. வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான்.

இந்தப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று யோசிக்கும் பெற்றோருக்கு ஒரு யோசனை. போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகிறவர்கள் அங்கே உள்ள தரைப்படை அருங்காட்சியகத்துக்கும் போகலாம்.  இந்தியப் பயணத்தில் கோவா போனால், 1998 முதல் இயங்கும் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் பழைய விமானங்கள் திறந்தவெளியில் வரிசையாக நிற்கின்றன. எங்கே போனாலும் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். "வெயில், உங்களால நடக்க முடியாது, வீட்டுல இருங்க" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். குடையும் ஒரு மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொண்டால் போதும்.

பலகையில் உள்ளதைப் பிள்ளைகள் தாங்களே படித்துக்கொள்வார்கள். பெரியவரிடம், "இந்த விமானம் பறந்த காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். வேகம், எடை, எஞ்சின் பற்றியெல்லாம் அவர் சொல்ல மாட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களைப் பற்றிச் சொல்வார். ஆயுதம் தாங்கிய இயந்திரத்தைப் பார்த்து வாய் பிளக்கும் வயதுப் பிள்ளை அதையும் சேர்த்துக் கேட்டுவிட்டு வளர்ந்தால், நாளை அவன் விமானியானாலும் சரி, சக்கரம் பார்ப்பவனானாலும் சரி, ஒரு பயணியாக மட்டுமே இருந்தாலும் சரி, ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கும்போது அங்கே மனிதர்கள் இருப்பது அவனுக்குத் தெரியும்.